தொங்கும் பட்டையா, பலகைப் பட்டையா? மலைநாட்டுக்கு ஏற்ற முதல் தோல்பட்டை

மடக்குச் சவரக்கத்தி வாங்கியாச்சு, கல்லிலும் தீட்டியாச்சு என்றால் அடுத்த செலவு தோல்பட்டை, அதாவது சவரத்துக்கு முன் கத்தியின் விளிம்பைச் சீராக்க அதை இழுத்துத் தீட்டும் தோல். (சலூன்களில் இப்போது பார்க்கிற, பிளேடு செருகும் கத்திக்கு இது தேவையில்லை.) நுவரெலியாவில் எங்கள் வீட்டில் இரண்டு வகையும் இருக்கிறது. தொங்கும் பட்டை நான் வாங்கியது, பலகையில் தோல் ஒட்டியது அண்ணனுடையது. நான் தொங்கும் பட்டையின் பக்கம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கை பழக பலகைதான் லேசு. தோல் எப்போதும் மட்டமாக இருக்கும். தொங்கும் பட்டையைத் தளரப் பிடித்தால் தோல் குழிந்து கத்தியின் விளிம்பில் சுற்றிக்கொள்ளும், கூர் மழுங்கும். இழுத்துப் பிடிக்கப் பழகிவிட்டால் அந்தச் சிக்கல் இல்லை. மற்றபடி இரண்டிலும் வேலை ஒன்றுதான்: கத்தியின் முதுகு முன்னால் போகும், விளிம்பு பின்னால் வரும், திருப்பும்போது முதுகின் மேலேயே புரட்ட வேண்டும். விளிம்பின் மேல் புரட்டினால் தோலில் வெட்டு விழும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அது விழாமல் இருக்காது, அதனால் முதல் பட்டைக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். இடம் மிச்சம் என்று பார்த்தால் பலகை லாச்சிக்குள் போய்விடும். மற்றதற்கு ஜன்னல் சட்டத்தில் ஒரு கொக்கி போதும்.

ஆனால் இங்கே விஷயத்தை முடிவு பண்ணுவது பூஞ்சணம். நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து போகும். காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் தோலில் பூஞ்சணம் பிடிக்கும். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டம்பர் வரை இதே கதைதான். பண்டாரவளையில் அந்த மாதங்களில் காய்ந்த காற்று வீசும், அங்கே இருப்பவர்கள் இவ்வளவு கவலைப்பட வேண்டாம்.

பலகைப் பட்டையில் தோலின் ஒரு பக்கம் அடைபட்டிருக்கிறது. உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. அண்ணனின் பலகையில் கைப்பிடி ஓரம் தோல் லேசாக எழும்பியிருந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தால் அடியில் சாம்பல் பச்சையாக ஒரு பொசுபொசுப்பு. துடைத்து மறுபடி ஒட்டினோம், ஆனால் அந்த இடம் மேடாகிவிட்டது. கத்தி அதன் மேல் போகும்போது கையில் தட்டுப்படுகிறது. அந்த மேட்டில் தீட்டினால் விளிம்பு சீராக வராது.

தொங்கும் பட்டைக்கு இரண்டு பக்கமும் காற்று படும். பூஞ்சணம் பிடிக்காது என்று சொல்ல மாட்டேன், பிடித்தால் கண்ணுக்குத் தெரியும். காய்ந்த துணியால் துடைத்து இளவெயிலில் கொஞ்ச நேரம் போட்டால் சரி. குளியலறையில் தொங்கவிட வேண்டாம். அடுப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம், தோல் விறைத்து ஓரம் சுருளும். தினமும் உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள், தோல் பதமாக இருக்க அதுவே போதும். தேங்காய் எண்ணெய் பூசச் சொல்வார்கள், கேட்காதீர்கள். 24 பாகைக்குக் கீழே அது உறையும், எங்கள் வீட்டுப் போத்தலில் பெரும்பாலும் கட்டியாகத்தான் கிடக்கிறது. தோலில் அப்பினால் கத்தி வழுக்காமல் இழுக்கும். துருவுக்காகக் கத்தியில் தையல் மெஷின் எண்ணெய் தடவுகிறவர்கள், தீட்டும் முன் அதைத் துடைத்துவிடுங்கள்.

வாங்கும்போது பின்னால் பருத்திக் கித்தான் சேர்ந்ததாகப் பாருங்கள். சவரத்துக்கு முன் கித்தானில் ஒரு இருபது இழுப்பு, தோலில் ஐம்பது. அகலம் மூன்று அங்குலம் என்றால் கத்தி முழுவதும் ஒரே இழுப்பில் படும். இரண்டு அங்குலம் மலிவு, கத்தியைச் சாய்வாக இழுக்க வேண்டிவரும். குதிரைத் தோல் நல்ல வழுவழுப்பு, ஆனால் நான் தொட்டுப் பார்த்ததோடு சரி, என் கை பழகியது மாட்டுத்தோலில்தான்.

விளிம்பை இன்னும் கூராக்கத் தடவும் குரோமியம் ஆக்சைடு பச்சைப் பசைக்கு மட்டும் பலகைதான் சரி. ஒருமுறை தடவினால் தோலை விட்டுப் போகாது, அதனால் தினப்படி பட்டையில் அதைத் தொடவிடாதீர்கள். அந்தப் பசைக்கென்று பால்சா என்ற மெல்லிய மரத்தின் துண்டு ஒன்று தனியாக இருந்தால் போதும்.