துபாய் கேனன் 250டி-யா, மதுரை பில் 200டி மார்க் டூ-வா? கேமரா பாடியில என்ன எழுதிருக்குன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க

கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி பக்கமெல்லாம் வீட்டுக்கு ஒருத்தராச்சும் வெளிநாட்டுல இருப்பாங்க, அதனால கேமரா வாங்கப் போறேன்னு வாயைத் திறந்தாலே "இங்க எதுக்குடா வாங்குற, மாமா வரும்போது துபாய்ல இருந்து எடுத்துட்டு வரச் சொல்லு"ன்னுதான் பதில் வரும். நான் வளைகாப்பு, காதுகுத்து, சின்னச் சின்ன கல்யாணம் எடுக்குறதுக்கு மதுரையில பில் போட்டு கேனன் 200டி மார்க் டூ வாங்குனேன், மச்சான் அவன் அண்ணனை வச்சு துபாய்ல இருந்து 250டி இறக்குனான். ரெண்டும் இப்ப எங்க கைலதான் புழங்குது. நான் எந்தப் பக்கம்னு இப்பவே சொல்லிடுறேன், இந்தியா பில் பக்கம்தான். ஆனா அதுக்கு எல்லாரும் சொல்ற வாரண்டி காரணம் இல்ல.

முதல்ல ஒண்ணு, ரெண்டும் ஒரே கேமரா. 2019-ல கேனன் விட்ட மாடல், ஐரோப்பா துபாய் பக்கம் 250டி, நம்ம ஊர்ல 200டி மார்க் டூ, அமெரிக்காவுல ரெபல் எஸ்எல்3, ஜப்பான்ல கிஸ் எக்ஸ்10. முன்னாடி ஒட்டிருக்க பேரு மட்டும்தான் வேற, உள்ள படத்தைப் பதியுற அதே 24.1 மெகாபிக்சல் சென்சார், அதே எல்பி-ஈ17 பேட்டரி. படத்துல வித்தியாசம் தேடாதீங்க, கிடையாது.

விலையில துபாய்தான் ஜெயிக்கும், அங்க வாட் வரி 5 சதவீதம், இங்க கேமராவுக்கு ஜிஎஸ்டி 18. இதுக்கு மேல இதுல பேச ஒண்ணும் இல்ல.

பாடியில இருக்க குறிகளைப் பத்தி ஊர்ல ஆளாளுக்கு ஒரு கதை சொல்றாங்க. மேல ஒரு வட்டத்துக்குக் குறுக்க கோடு போட்டிருக்கே, அது சென்சார் உள்ள எந்த இடத்துல இருக்குன்னு காட்டுற குறி, தூரம் அளக்கும்போது அங்க இருந்துதான் அளக்கணும், ஒரிஜினல் டூப்ளிகேட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. குப்பைத்தொட்டி மேல பெருக்கல் போட்ட படம், இதை வீட்டுக் குப்பையோட போடாதன்னு அர்த்தம். ஐரோப்பா விதிக்கு ஒத்து வருதுன்னு காட்டுற சிஈ குறி இருந்தா ஐரோப்பா பீஸ்னு சொல்லுவாங்க, அதுவும் இல்ல, பல ஊருக்குப் போற ஒரே பாடியில எல்லா நாட்டுக் குறியையும் சேர்த்தே அடிச்சிருப்பாங்க. "மேட் இன் ஜப்பான்" இருந்தாத்தான் அசல்னு ஒரு கூட்டம் இருக்கு, அவங்ககிட்ட நிக்கான் சோனியெல்லாம் தாய்லாந்து அயுத்தயாவுல ஃபேக்டரி வச்சு ஓட்டுனதையும் 2011 வெள்ளத்துல அது மூழ்கி உலகம் பூரா கேமராவுக்குத் தட்டுப்பாடு வந்ததையும் சொன்னா நம்ப மாட்டாங்க.

சார்ஜர் பக்கம் வாங்க. மச்சானோடது எல்சி-ஈ17ஈ, கடைசில இருக்க அந்த ஈ எதுக்குன்னா ஒயர் வச்ச சார்ஜர்னு. ஒயர் நுனியில துபாய் பிளக், கட்டையா மூணு செவ்வக முள்ளு, நம்ம வீட்டு சுவிட்ச் போர்டுல ஏறாது. சார்ஜர் மேல 100-240 வோல்ட்னு போட்டிருக்கறதால கரண்டுல பிரச்சினை இல்ல, ஒயரை மட்டும் மாத்திக்கலாம், ஆனா அவன் மாத்தாம இன்னமும் ஒரு லொடலொட அடாப்டர்ல சொருகிக்கிட்டு இருக்கான், மண்டபத்துல யாராச்சும் கால் இடறுனா சார்ஜ் போச்சு.

சர்வீஸ். பாடி வாரண்டி வாங்குன பகுதிக்குத்தான், அது உண்மை. ஆனா நம்ம கடக்கரையில கேமரா கெடுறது எதால? உப்புக்காத்தால. தனுஷ்கோடி அரிச்சல்முனையில ஒரு சாயங்காலம் நின்னு எடுத்துட்டு வந்து துடைக்காம வச்சா ஃபிளாஷ் சொருகுற இடத்துல பச்சையா பூத்து நிக்கும், ஸ்க்ரூ தலை துரு ஏறும். இதுக்கு எந்த நாட்டு வாரண்டி கார்டும் செல்லாது, காசு குடுத்துத்தான் பாக்கணும். அதனால இந்த விஷயத்துல எனக்கும் மச்சானுக்கும் பெருசா வித்தியாசம் விழல.

வித்தியாசம் விழறது விக்கும்போதுதான், அங்கதான் இந்த எழுத்தெல்லாம் வேலை செய்யுது. இப்ப பாதிப்பேர் உள்ள கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்குப் போறாங்க, எங்களோடது மாதிரி கண்ணாடி வச்ச பழைய டிஎஸ்எல்ஆர் நிறைய வெளிய வருது, வாங்குறவனுக்கு குறை சொல்ல ஏதாச்சும் வேணும். மச்சான் 250டி-ய விக்கலாம்னு ராம்நாட்டுல கேட்டப்ப வந்த ஆளு பாடியைத் திருப்பிக்கூட பாக்கல, முன்னாடி பேரைப் பாத்துட்டு "இது என்ன மாடல், 200டி தெரியும், 250 கேள்விப்பட்டதில்லையே"ன்னான். ரெண்டும் ஒண்ணுதான்னு இவன் விளக்க விளக்க அவனுக்கு சந்தேகம்தான் கூடுச்சு. அடுத்தவன் விவரமானவன், பில் கேட்டான், அரபியும் இங்கிலீஷும் கலந்த பில்லை நீட்டுனதும் விலையை நல்லாவே இறக்கிட்டான். துபாய்ல மிச்சம் பிடிச்சது இப்படி விக்கும்போதே கரைஞ்சிரும்.

என்னோடதுக்கு அந்தப் பேச்சே இல்ல. ஜிஎஸ்டி பில்லுல ஒரு சீரியல் நம்பர், பெட்டியில அதே நம்பர், பாடியில அதே நம்பர். பெட்டியில இறக்குமதி பண்ணவங்க பேரு, முகவரி, எம்ஆர்பி, மாசம் வருஷம் எல்லாம் அச்சாயிருக்கும், அது சட்டப்படி இருக்கணும். பேட்டரி மேல இந்தியத் தரக்குறியான பிஐஎஸ் குறி, பக்கத்துல ஆர்-னு ஆரம்பிச்சு எட்டு இலக்க நம்பர், அதை பிஐஎஸ் கேர் ஆப்ல அடிச்சா யார் பேருல பதிவாயிருக்குன்னு வந்துரும், எதிர்ல நிக்கிறவன் கண்ணு முன்னாடியே அடிச்சுக் காட்டலாம். கேமரா பாடிக்கு இந்தப் பதிவு கட்டாயமானது பேட்டரிக்கு அப்புறம்தான், அதனால பழைய பாடியில அது இல்லைன்னா உடனே டூப்ளிகேட்னு முடிவு கட்டாதீங்க. கேனன்ல மெனுவுக்குள்ள சர்டிபிகேஷன் லோகோன்னு ஒரு ஐட்டம் இருக்கும், சில குறி பாடியில இல்லாம அங்க இருக்கும், அதையும் பாருங்க.

சீரியல் ஸ்டிக்கரை பத்திரமா வச்சுக்கங்க. வேர்வையும் உப்பும் பட்டு எழுத்து தேய ஆரம்பிச்சா பில் இருந்தும் பிரயோஜனம் குறைஞ்சு போகும். தேஞ்சு போனாலும் எடுத்த ஃபோட்டோவோட தகவல்ல சீரியல் பதிஞ்சிருக்கும், எடிட் பண்ணாத ஒரு ஃபைலைத் திறந்து பில்லோட ஒத்துக் காட்டலாம்.

விக்கிற எண்ணமே இல்ல, புள்ளைங்க படம் எடுக்கத்தான்னா துபாய் பீஸ் தாராளமா வாங்கலாம், நானே அப்படித்தான் சொல்லுவேன். சோனி நான் வச்சு ஓட்டுனதில்ல, அதுல ஒண்ணே ஒண்ணு மட்டும், ஜப்பான்ல விக்கிற சோனி பாடிகள்ல பெரும்பாலும் மெனு ஜப்பானிய மொழி மட்டும்தான் வரும், அதனால சொந்தக்காரங்க டோக்கியோவுல இருந்து கொண்டு வர்றாங்கன்னா கடையிலயே ஆன் பண்ணி மொழி மாத்த முடியுதான்னு பாக்கச் சொல்லுங்க.

மச்சானோட 250டி இன்னும் விலை போகல. பாதி விலைக்குக் கேட்டீங்கன்னா குடுக்க மாட்டான், ஆனா நல்ல பீஸ், ஷட்டர் கவுண்ட்டும், அதாவது இதுவரை எத்தனை படம் எடுத்திருக்குங்கிற கணக்கும், கம்மி, அடாப்டர் இலவசம்.