கேள்வி நேரமா, நிலைக்குழுவா?

அரசைப் பதில் சொல்ல வைக்க இந்த இரண்டில் எது மேல்? 2020 செப்டம்பரில் நாடாளுமன்றம் கூடியபோது, எம்.பி.க்கள் அமைச்சர்களை நேருக்கு நேர் கேட்கும் கேள்வி நேரமே கிடையாது. எழுத்தில் பதில் மட்டும். கொரோனா ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் எத்தனை தொழிலாளர்கள் இறந்தார்கள் என்று கேட்டதற்குக் கணக்கு இல்லை என்றது அரசு. திருப்பூரில் பனியன் கம்பெனி வாசலில் மூட்டையோடு நின்றவர்களைப் பார்த்த என் மனசு அந்தப் பதிலை ஏற்கவே இல்லை. நேருக்கு நேர் என்றால் அங்கேயே துணைக்கேள்வி போட்டு மடக்கியிருக்கலாம்.

நிலைக்குழு என்பது ஒரு துறையின் வேலையை ஆராயும் எம்.பி.க்கள் குழு. அது மெதுவானது, நடப்பதும் மூடிய அறையில். ஆனால் அதிகாரிகளை உட்கார வைத்துக் குடைந்துவிடும், அதனால் எனக்கு அதுதான் ஒரு படி மேல். சுகாதார நிலைக்குழு 2020 நவம்பரிலேயே ஆக்சிஜன், படுக்கை விஷயத்தில் பரிந்துரை எழுதிக் கொடுத்துவிட்டது. ஆனாலும் 2021 மே கடைசியில் தினசரித் தொற்றில் கோவை சென்னையையே தாண்டியது. ஆம்புலன்ஸுக்குள்ளேயே படுக்கைக்குக் காத்துக் கிடந்தார்கள். சரி, குழு சொன்னதை அரசு கேட்டே ஆக வேண்டுமா? கட்டாயமில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.