பைன் விதை பிரிக்க எது பெஸ்ட்: தண்ணியா, காத்தா, ஐடிஎஸ்ஸா?

பைன், ஸ்ப்ரூஸ் மாதிரி ஊசியிலை மர விதைய தண்ணில போடு, மூழ்கினத வச்சுக்கோ மிதந்தத தூக்கிப் போடுன்னு எல்லாரும் சொல்றாங்க, பாதிதான் சரி. மூழ்குச்சுன்னா உள்ள நிரம்பியிருக்குன்னு அர்த்தம், அவ்ளோதான். பழசாகி கரு செத்துப்போன விதையும் ஜம்முனு மூழ்கும்.

வெறும் பொக்கு மட்டும் போனா போதும்னா என் ஓட்டு காத்துக்குத்தான். நெல்லு தூத்துற மாதிரிதான், ப்ளோயர் வச்சு ஊதினா பொக்கு பறந்துடும், விதை நனையாததால அப்படியே திரும்ப ஸ்டோர் பண்ணிடலாம். ஆனா முதல்ல சல்லடைல சைஸ் வாரியா பிரிச்சுக்கணும், இல்லன்னா பெரிய பொக்கும் சின்ன நல்ல விதையும் ஒரே வெயிட்ல வந்து நிக்கும்.

சில இனத்துல நல்ல விதையே தண்ணில மிதக்கும், அதுக்குத்தான் எத்தனால், அடர்த்தி தண்ணிக்கு 1, இதுக்கு 0.79தான்ங்கறதால நிரம்பினது அதுல இறங்கிடும். எனக்கு அது அவ்வளவா புடிக்கல, ரொம்ப நேரம் ஊறினா விதைக்கே கேடு. ஃபர்ங்கற ஊசியிலை மரத்தோட விதை இன்னும் தொல்லை, தோல்ல பிசின் பை இருக்கு, அது உடைஞ்சா முளைப்பே அடிவாங்கும், அதனால எந்த முறைன்னாலும் மெதுவா கையாளணும்.

செத்த விதைய நிஜமா பிரிக்கறது ஐடிஎஸ்தான் (Incubation, Drying, Separation, அதாவது ஈரமா வச்சு, காயவச்சு, பிரிக்கறது). ஸ்வீடன்ல மிலன் சிமாக்ங்கற விதை ஆராய்ச்சியாளர் கொண்டுவந்தது. விதைய ஊறவச்சு, 15 டிகிரி பக்கம் சில நாள் ஈரமாவே வச்சு, அப்புறம் கொஞ்ச நேரம் காயவச்சு, திரும்ப தண்ணில போடுவாங்க. உயிருள்ள விதை குடிச்ச தண்ணிய இறுக்கிப் புடிச்சுக்கும், செத்தது சீக்கிரம் விட்டுடும், அதனால லேசாகி மிதக்கும். ஐடியா அருமை, ஆனா வேலை புடிக்கும். எவ்ளோ நேரம் காயவைக்கணும்னு ஒவ்வொரு லாட்டுக்கும் தனியா டெஸ்ட் பண்ணித்தான் பாக்கணும், கூடிப்போச்சுன்னா நல்லதும் மிதக்கும், குறைஞ்சா செத்ததும் மூழ்கும். முடிஞ்சதும் விதைச்சிடணும், இல்ல திரும்ப நல்லா காயவைக்கணும். கைப்பிடி விதைக்கெல்லாம் இது ஓவர், நர்சரி அளவுக்குன்னா தாராளமா பண்ணலாம்.

எக்ஸ்ரேல பொக்கு, உள்ள இருக்கற புழு, விரிசல் எல்லாம் தெரியும், ஆனா நிரம்பின விதைல உயிர் இருக்கான்னு சாதாரண படத்துல சொல்றது கஷ்டம். டெட்ராசோலியம்ங்கற ரசாயனம் அத சொல்லிடும், உயிருள்ள திசு சிவப்பாகும், ஆனா அதுக்கு விதைய வெட்டணும், அப்புறம் விதைக்க முடியாது. அதனால அது சாம்பிள் பாக்கத்தான்.

எந்த முறைல பிரிச்சாலும் மிதந்த குவியல்ல கொஞ்சம் எடுத்து பிளேடால வெட்டிப் பாருங்க, உள்ள வெள்ளையா கெட்டியா இருக்கற விதை நிறைய இருந்தா அந்தக் குவியல அவசரப்பட்டு குப்பைல கொட்டிடாதீங்க.