50 சதவீத நிழல்வலை: வெயிலுக்குச் சரி, இலைப்புள்ளிக்கு மருந்தில்லை

நாகர்கோவிலில் ஒரு விவசாயப் பொருள் கடையில் வாங்கிய பச்சை நிழல்வலை, 10க்கு 20 அடித் துண்டு. மொட்டை மாடியில் குரோ பேக்கில் மிளகாயும் கத்தரியும் நிற்கிறது, சித்திரை வெயிலுக்காக வாங்கினேன், அந்த வேலையை ஒழுங்காகவே செய்கிறது. மதியம் துவண்டு கிடந்த செடிகள் இப்போது நிமிர்ந்து நிற்கின்றன, பூ உதிர்வதும் குறைந்திருக்கிறது. ஆனால் வெட்டிய ஓரத்தை மடித்துத் தைக்காமல் அப்படியே சுருட்டித் தருகிறார்கள், இழை பிரிந்துகொண்டே வருகிறது. கயிறு கட்ட ஓரத்தில் வளையம் அடித்துத் தரக் கேட்டால் அதற்குத் தனிக் காசு.

கடையில் சொன்ன வைத்தியத்தைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. புள்ளி விழுந்த மிளகாய் இலை ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினேன்: நடுவில் சாம்பல் நிறம், சுற்றிலும் கரும்பழுப்பு வளையம், ஒன்றிரண்டு புள்ளியில் நடுப்பகுதி காய்ந்து உதிர்ந்து ஓட்டையே விழுந்திருந்தது. "இது வெயில் பட்டாத்தான் வேலை செய்யுற விஷம் அண்ணாச்சி, வலையைக் கட்டுங்க, மருந்தே வேண்டாம்" என்றார் கடைக்காரர்.

அதில் பாதி உண்மை. இந்த மாதிரிப் புள்ளியை உண்டாக்கும் செர்கோஸ்போரா வகைப் பூஞ்சைகள் பலவும் செர்கோஸ்போரின் என்ற சிவப்பு நிறமியைச் சுரக்கின்றன, 1957இல் ஜப்பானில் சோயா விதையை ஊதாவாக்கும் பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இருட்டில் அந்த நிறமி கிட்டத்தட்ட சாது. வெளிச்சம் பட்டதும் அந்தச் சக்தியை வாங்கிப் பக்கத்து ஆக்சிஜனுக்குக் கொடுத்து அதை வெறி பிடித்த ஆக்சிஜனாக மாற்றிவிடுகிறது, அது செல்லின் கொழுப்புச் சவ்வை அரிக்க, உள்ளே இருக்கும் சத்தெல்லாம் கசிந்து வெளியே வர, பூஞ்சை உட்கார்ந்து சாப்பிடுகிறது. தன் விஷம் தன்னைத் தாக்காதபடி வீரியம் குறைந்த வடிவில் வைத்துக்கொள்ளவும் அதற்குத் தெரியும், கெட்டிக்காரப் பயல்.

சரி, அப்படியானால் நிழல் போட்டால் நோய் போய்விடுமா? 50 சதவீத வலை என்றால் மீதிப் பாதி வெளிச்சம் உள்ளே வரத்தான் செய்யும், விஷம் வேலை செய்ய வெளிச்சம் கிடைத்துக்கொண்டேதான் இருக்கும். அதைவிட முக்கியம், நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழைக்காலத்தில் வலைக்கடியில் இலை ஈரம் காய நேரமாகும், பூஞ்சை வித்து முளைக்க அந்த ஈரம் போதும். போன ஆனி மாதச் சாரலில் என் செடிகளில் வலைக்கடியில் இருந்தவற்றில்தான் புள்ளி அதிகம். வலையைச் சுருட்டி, புள்ளி விழுந்த அடி இலைகளைக் கிள்ளி எரித்து, பைகளை இடைவெளி விட்டு நகர்த்தி, மேங்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லியைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுக்கு அடித்த பிறகுதான் அடங்கியது.

மிளகாய்க்கு வாங்குபவர்கள் 35 சதவீத வலை கேளுங்கள், 50 நாற்றுக்குச் சரி, காய்ப்புக்கு அதிக நிழல். ஆரல்வாய்மொழிப் பக்கம் வீடு என்றால் ஓரம் தைத்து வளையம் அடித்ததையே வாங்குங்கள், அந்தக் காற்றுக்கு வெறும் துண்டு ஒரு வாரம் தாங்காது.