பாதரசம் போன இடத்தில்: நிஸோ எஸ் 560 காமிராவுக்கு மூன்று மாற்று மின்கலங்கள்

சிறு பிலிமில் சலனப்படம் எடுக்கும் பழைய சூப்பர் 8 காமிராவை வாங்குகிறவர் முதலில் மோட்டார் ஓடுகிறதா என்றுதான் பார்க்கிறார். நிஸோ எஸ் 560-ஐப் பொறுத்தவரை அது பெரிய சோதனை அல்ல. ஆறு டபுள் ஏ மின்கலங்களைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால், தயாரித்து ஐம்பது ஆண்டுகள் ஆன பின்னும் அது பெரும்பாலும் ஓடிவிடும். சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானிக்கென்றே தனியாக இரண்டு பிஎக்ஸ் 625 பொத்தான் மின்கலங்களை இந்தக் காமிரா கேட்கிறது; அந்த மின்கலம் இப்போது எந்தக் கடையிலும் இல்லை. அதற்கு மாற்றாக விற்கப்படும் மூன்று வகைகளையும் சில மாதங்களாக இதே காமிராவில் மாற்றி மாற்றிப் போட்டு, ஒளியளவைச் சரிபார்க்கப் பயன்படும் 18 விழுக்காடு சாம்பல் அட்டையை நோக்கி, கையடக்க ஒளிமானி காட்டும் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்.

காமிராவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முனிக் நகரின் நீட்சோல்டி, கிரேமர் என்னும் இருவரின் நிறுவனத்துக்குச் சொந்தமான பெயர் நிஸோ. அந்நிறுவனம் 1962-இல் ஜெர்மனியின் பிரவுன் நிறுவனத்தின் வசமானது. எஸ் 560-இல் இருப்பது ஷ்னைடர் வேரியோகான், 7 முதல் 56 மில்லிமீட்டர் வரை செல்லும் எஃப் 1.8 ஜூம் லென்ஸ். இன்றைக்கும் அந்த லென்ஸில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

பிஎக்ஸ் 625-இன் உள்ளே துத்தநாகமும் பாதரச ஆக்சைடும் இருந்தன. அது தரும் அழுத்தம் 1.35 வோல்ட், அதைவிட முக்கியம், தன் ஆயுள் முழுவதும் ஏறக்குறைய அதே அழுத்தத்தைத் தந்து, இறுதியில் சட்டென்று விழுந்துவிடும் அதன் இயல்பு. மின்னழுத்தத்தைச் சீராக்கத் தனிச் சுற்று எதையும் வைக்காமல், மின்கலத்தையே அளவுகோலாக நம்பி அன்றைய வடிவமைப்பாளர்கள் பலர் ஒளிமானிகளைச் செய்ததற்கு இதுவே காரணம். பாதரசத்தின் நச்சு காரணமாக அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றின் விற்பனையை நிறுத்தியது. ஐரோப்பாவிலும் தடை வந்தது. தடையில் தவறில்லை, ஆனால் அளவுகோல் மட்டும் காணாமல் போய்விட்டது.

முதலில் போட்டுப் பார்த்தது ஆல்கலைன் 625. உருவத்தில் அச்சாக அதே அளவு, விலையும் குறைவு. இணையத்தில் ஒரு விற்பனையாளர் இதையே "1.35 வோல்ட் அசல் மாற்று" என்று விவரித்து எனக்கு அனுப்பினார், மல்டிமீட்டரில் புதிய மின்கலம் 1.58 வோல்ட் காட்டியது. இரண்டும் சேர்ந்தால் 2.7 வோல்ட்டுக்குப் பதிலாக 3.1-க்கும் மேல். கூடுதல் அழுத்தத்தைக் கூடுதல் வெளிச்சம் என்று ஒளிமானி எடுத்துக்கொண்டு லென்ஸின் துளையைச் சுருக்குவதால் படம் இருண்டுபோகிறது. என் காமிராவில் அந்தப் பிழை முதல் வாரத்தில் ஏறத்தாழ அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பிலிமில் விழும் ஒளி இரு மடங்காவது அல்லது பாதியாவது). அரை ஸ்டாப்தானே, ஈடுசெய்து கொள்ளலாமே என்றால், அங்கேதான் ஆல்கலைன் ஏமாற்றுகிறது. அதன் அழுத்தம் முதல் நாளிலிருந்தே சரியத் தொடங்கி, எப்போதோ ஒரு நாள் 1.35-ஐக் கடந்து, அதற்கும் கீழே போய்க்கொண்டே இருக்கும். பிழை நிலையாக இருந்தால் அதைக் கணக்கில் கொள்ளலாம். மாதத்துக்கு மாதம் நகரும் பிழையை என்ன செய்வது? புகைப்படக் காமிராவிலாவது ஒவ்வொரு படத்துக்கும் நின்று யோசிக்க நேரமுண்டு. இங்கே துளையைக் காமிராவே ஓடும்போது மாற்றிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது, காது கேட்கும் கருவிகளில் போடும் 675 எண் துத்தநாகக் காற்று மின்கலம். காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு இயங்கும் இது 1.4 வோல்ட் அளவில், பாதரச மின்கலத்தைப் போலவே சீராக நிற்கிறது. என் அளவீட்டில் சாம்பல் அட்டை ஒப்பீடு மிக நெருங்கி வந்தது இதில்தான். உருவம் மட்டும் சிறியது: 625-இன் விட்டம் 15.6 மில்லிமீட்டர், இதற்கு 11.6. இடைவெளியை நிரப்ப ஒரு ரப்பர் வளையம் போதும், ஆனால் மின்கலத்தின் காற்றுத் துளைகள் அடைபடக் கூடாது. ஒட்டுத்தாளை உரித்த பின் சில நிமிடங்கள் காற்றுப்படத் திறந்து வைத்துவிட்டுப் பொருத்துவது நல்லது. குறை அதன் ஆயுள். ஒட்டுத்தாளை உரித்த கணத்திலிருந்து, பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும், இரண்டு மூன்று மாதங்களில் உலர்ந்துவிடும். 625-இன் உருவிலேயே வெயின்செல் என்ற பெயரில் விற்பதும் இதே வகைதான். வளையம் தேடும் வேலை மிச்சம், விலை அதிகம்.

மூன்றாவது, எம்ஆர்-9 என்னும் உலோகக் கிண்ணம். எஸ்ஆர் 43 வெள்ளி ஆக்சைடு மின்கலத்தை இதற்குள் வைத்தால் உருவம் 625 ஆகிவிடும். கிண்ணத்தின் அடியில் உள்ள ஷாட்கி டயோடு என்னும் சிறு மின்னுறுப்பு 1.55 வோல்ட்டை ஏறத்தாழ 1.35 ஆகக் குறைக்கும். வெள்ளி ஆக்சைடும் சீராக நிற்கும் வகை, ஆண்டுக்கணக்கில் வரும். இதை வாங்கியவர்கள் பலர் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து, "1.5-க்கு மேல் காட்டுகிறது, ஏமாற்று வேலை" என்று குறைப்பட்டுக்கொள்வதுண்டு. நானும் முதல் நாள் அப்படித்தான் கொதித்தேன். மல்டிமீட்டர் வழியே ஓடும் மின்னோட்டம் மிக மிகச் சிறியது. டயோடில் அழுத்தம் குறைய ஓரளவு மின்னோட்டம் ஓடியாக வேண்டும். காமிராவுக்குள் வைத்தால் வெளிச்சமான இடத்தில் கையடக்க ஒளிமானியோடு ஒத்துப்போகிறது. அதே காரணத்தால் மங்கிய அறையில், ஒளியுணர் கலத்தின் வழியே ஓடும் மின்னோட்டம் குறையும்போது, டயோடு குறைக்கும் அளவும் குறைகிறது. அங்கே மூன்றில் ஒரு ஸ்டாப் அளவுக்குத் துளை கூடுதலாகச் சுருங்கியதைக் கண்டேன். இன்னொன்று, எல்ஆர் 43 என்பதும் அதே உருவில் வரும், அது ஆல்கலைன். எஸ் என்ற எழுத்தைப் பார்த்து வாங்க வேண்டும்.

இந்த நுணுக்கம் யாருக்குத் தேவை என்பது போடும் பிலிமைப் பொறுத்தது. கோடாக் விஷன் 3 போன்ற நெகடிவ் பிலிம் அரை ஸ்டாப் பிழையைப் பொறுத்துக்கொள்ளும். கழுவியதும் நேராகத் திரையிடக்கூடிய, எக்டாக்ரோம் 100டி போன்ற ரிவர்சல் பிலிம் பொறுக்காது. விநாடிக்கு 18 பிரேம் வேகத்தில் ஒரு கார்ட்ரிட்ஜ் மூன்று நிமிடம் இருபது விநாடிதான் ஓடும். இன்று அதன் விலையையும் கழுவும் செலவையும் கூட்டினால், எம்ஆர்-9 கிண்ணங்கள் இரண்டும் மலிவாகவே தோன்றும். முக்காலியில் வைத்து எடுப்பவர்கள் கண்பார்க்கும் துளையை மூடிவிட வேண்டும். அதன் வழியே புகும் வெளிச்சமும் ஒளிமானியைக் குழப்பும். அந்தப் பிழைக்கு மின்கலத்தைத் திட்டிப் பயனில்லை.

மாதந்தோறும் படம் எடுப்பவர் எம்ஆர்-9 வாங்கலாம். நிஸோவுக்கு இரண்டு தேவை என்பதை மறக்க வேண்டாம். ஆண்டுக்கொரு முறை ஒரு திருமணத்துக்கோ பயணத்துக்கோ காமிராவை எடுப்பவருக்கு 675 போதும். எதைப் போட்டாலும், முதலில் மின்கலக் கூட்டைத் திறந்து பாருங்கள். என் காமிராவில் பழைய பாதரச மின்கலங்கள் இரண்டும் உள்ளேயே கசிந்து, தொடுமுனைகளில் பச்சை பூத்திருந்தது. பஞ்சில் தொட்ட வினிகரால் துடைத்து, உலரவிட்ட பிறகே ஒளிமானி முள் அசைந்தது. அந்த இரண்டு மின்கலங்களையும் குப்பையில் போடாமல், மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிட்டேன்.