இ.என். 24 என்று சொல்லி சாதா இரும்பு: ஸ்பிரிங் கம்ப்ரசர் செய்யக் கொடுப்பவர்கள் கவனிக்கவும்

கோவைப் பக்கம் லேத் பட்டறையில் சொல்லி ஸ்பிரிங் கம்ப்ரசர் (ஷாக்கின் மேல் இருக்கும் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற டூல்) செய்து வாங்கலாம் என்று இருக்கும் மெக்கானிக் நண்பர்களுக்காக இந்தப் பதிவு. பட்டறைப் பெயரைப் போடவில்லை. போட்டால் அவருக்கும் எனக்குமான சண்டையாக இது சுருங்கிவிடும். இதே சரக்கை இதே பேச்சோடு விற்கிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கடையில் கிடைக்கிற ஜோடி கம்ப்ரசர், ஆல்ட்டோ, ஸ்விஃப்ட் போன்ற சின்ன வண்டிகளின் ஸ்ட்ரட்டுக்கு (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த செட்) போதும். இன்னோவா முன்பக்க ஸ்பிரிங் கம்பியின் தடிமனுக்கு அதன் கொக்கி சரியாக உட்காராது. ஸ்டாண்டோடு வரும் ஹைட்ராலிக் மெஷின் என் ஷெட்டுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் மரை வெட்டிய 16 மி.மீ. ராடு இரண்டு, மேலும் கீழும் கொக்கி, கொக்கி நழுவாமல் இருக்க பின் என்று படம் போட்டுக் கொடுத்தேன். ராடு இ.என். 24 (வலுவான அலாய் எஃகு), கொக்கி ஃபோர்ஜிங் (காய்ச்சி அடித்து உருவாக்கியது), இதுதான் பேச்சு. "கண்ணு, நயம் இ.என். 24 போட்டிருக்கேன், ஆனையே ஏறி நின்னாலும் அசையாது" என்றார் பட்டறைக்காரர். 7,500 ரூபாய். நீலப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. பில்லில் "ஸ்பிரிங் டூல் 1 செட்" என்று மட்டும் எழுதியிருந்தது.

இன்னோவா ஷாக்கைக் கழற்றி வைஸில் கட்டி, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கை ராட்செட்டால்தான் இறுக்கினோம். இம்பாக்ட் கன் (வேகமாக இறுக்கும் மெஷின்) போடவே இல்லை. ஸ்பிரிங் மேல் மவுண்டை விட்டு இன்னும் விலகக்கூட இல்லை. ஒரு ராடு மெல்ல வில்லாக வளைவது கண்ணுக்கே தெரிந்தது. கூட வேலை செய்யும் தம்பியைத் "தள்ளி நில்லுடா" என்று சொல்லி முடிப்பதற்குள் டப்பென்று ஒரு சத்தம். கீழ்க் கொக்கி வெல்டிங்கோடு பிய்த்துக்கொண்டு போய் ஷெட் தகரத்தில் மோதி ஓட்டை போட்டுவிட்டது. ஸ்பிரிங்கை மேலே பிடித்திருக்கும் டாப் நட்டை அவிழ்க்காமல் வைத்திருந்தோம், அதனால் ஸ்பிரிங் அதன் இடத்திலேயே நின்றது. நட் அவிழ்ந்த பிறகு இது நடந்திருந்தால்? ஒரு டன் விசையில் 150 மி.மீ. அமுங்கிய ஸ்பிரிங்கில் இருக்கிற சக்தி, 75 கிலோ மூட்டை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தலையில் விழுவதற்குச் சமம். அப்படி நடந்திருந்தால் தம்பி வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்வது?

அப்புறம் துண்டுகளை எடுத்துப் பார்த்தோம். பெயின்டைச் சுரண்டினால் கொக்கி ஃபோர்ஜிங்கே இல்லை. 10 மி.மீ. தகட்டைக் கேஸில் அறுத்து, வளைத்து, பற்ற வைத்திருக்கிறார்கள். உடைந்த வாயில் வெல்டிங் மேலாப்பில்தான் பிடித்திருந்தது, உள்ளே கசடு அடைத்துக் கிடந்தது. ராடில் அரம் வைத்தால் சரசரவென்று இழைத்துக்கொண்டு போனது. சோதனைக்கூடத்தில் ஹார்ட்னஸ் பார்க்கக் கொடுத்தேன், 130 பிரினெல்லுக்குப் பக்கத்தில் வந்தது. ஹீட் ட்ரீட்மென்ட் செய்த இ.என். 24 டி ராடு என்றால் 248 முதல் 302 வரை இருக்க வேண்டும். இது சாதா எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) என்பதில் சந்தேகமே இல்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். நிஜமாகவே இ.என். 24 கொடுத்திருந்தாலும் அதைச் சாதாரண 6013 வெல்டிங் ராடால் அப்படியே பற்ற வைத்திருந்தால் தப்புதான். அந்த எஃகைச் சூடேற்றி, லோ ஹைட்ரஜன் வெல்டிங் ராடு போட்டு, மெதுவாக ஆறவிட்டால்தான் வெல்டிங் ஓரத்தில் விரிசல் விழாது. "இ.என். 24-இல் கொக்கியைப் பற்ற வைத்துத் தர்றேன்" என்று யாராவது சுலபமாகச் சொன்னால், சூடேற்றுவது பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். முகத்திலேயே தெரிந்துவிடும்.

"16 மி.மீ. ராடு அஞ்சு டன் தாங்கும்" என்ற பேச்சும் பாதி உண்மைதான். ஒரு ராடுக்கு 500 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மரையின் அடிவிட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டால், நேராக இழுக்கும்போது சதுர மி.மீ.க்குச் சுமார் 3.5 கிலோதான், ஒன்றுமே இல்லை. ஆனால் கொக்கி ஸ்பிரிங்கைப் பிடிக்கிற இடம் ராடின் நடுவிலிருந்து 30 மி.மீ. தள்ளி இருந்தால், அந்த வளைவுச் சுமை மட்டும் சதுர மி.மீ.க்கு 60 கிலோவைத் தாண்டும். சாதா இரும்பு 25 கிலோவிலேயே வளைந்து கொடுத்துவிடும். இழுத்துக் காட்டி "பாருங்க, அறுந்துச்சா?" என்று கேட்பது கண்கட்டு வித்தை. இந்த டூலைக் கெடுப்பது இழுப்பு இல்லை, வளைவு. கொக்கி ராடுக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

துண்டுகளோடு பட்டறைக்குப் போனேன். முதலில் "கன் போட்டு இறுக்கியிருப்பீங்க" என்றார். ரிப்போர்ட்டைக் காட்டியதும் "கடைக்காரன் இ.என். 24-ன்னுதான் கொடுத்தான், எனக்கெப்படித் தெரியும்" என்றார். எஃகு ஆலை கொடுக்கிற மில் சர்ட்டிஃபிகேட் கேட்டேன், இல்லை. கடைசியில், "கொண்டாங்க கண்ணு, இன்னொரு சுத்து வெல்டிங் வெச்சுத் தர்றேன், காசு வேண்டாம்." அதுதான் எனக்கு எரிச்சலின் உச்சம்.

ஆர்டர் கொடுக்கிறவர்கள் பில்லில் மெட்டீரியல் பெயரை எழுத வையுங்கள், ஹீட் நம்பரோடு (எஃகு உருக்கிய தொகுதியின் எண்) சர்ட்டிஃபிகேட் நகல் வாங்குங்கள், பெயின்ட் அடிப்பதற்கு முன் போய்ப் பாருங்கள். ஹார்ட்னஸ் சோதனை முடிந்த பிறகு பாக்கிப் பணம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். இதற்கு முகம் சுளிக்கிற பட்டறையில் கேட் கொக்கி வேண்டுமானால் செய்துகொள்ளலாம்.

பணம் இன்னும் வரவில்லை. தொழிலுக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் கோர்ட்டில் இடமில்லை என்று சிலர் சொன்னார்கள். 2019 சட்டத்தில், சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வாங்கிப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. மாவட்ட ஆணையத்துக்கு மனு தயாராகிறது. பில்லில் மெட்டீரியல் பெயர் இல்லாததுதான் இடிக்கிறது. ஆனால் வாட்ஸப்பில் அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் என்னிடம் இருக்கிறது. அதில் "இ.என். 24" தெளிவாகவே கேட்கிறது.