வால்வை மாற்றுவதா, இரும்பை மாற்றுவதா: வீட்டு வால்வு ஆம்ப்ளிஃபயர் ஓர் ஒப்பீடு

செங்கோட்டை, தென்காசி, புளியரை வட்டாரத்தில் வால்வு (வெற்றிடக் கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபயர் கட்ட ஆசைப்படுகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது "எந்த வால்வு போடலாம்?" என்பதைத்தான். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. வால்வின் வெளியீட்டை ஸ்பீக்கருக்கு ஏற்ப மாற்றித் தரும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை யார் சுற்றப் போகிறார், எந்த ஸ்டாம்பிங்கில் (இரும்புத் தகட்டில்), எத்தனை அடுக்காக என்பதுதான் முதலில் தீர வேண்டியது. வால்வுக்கு இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்கத் தயங்காதவர்கள் இரும்புக்கும் செம்புக்கும் கணக்குப் பார்ப்பதை நிறையப் பார்த்துவிட்டேன். சத்தத்தின் தரம் பெரும்பாலும் அந்த இரும்பில்தான் இருக்கிறது. கீழே வரும் ஒப்பீடுகள் எல்லாவற்றையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்திருக்கிறேன்.

ஒரே வால்வு, இரண்டு வழி

ஒப்பிடுவதற்கு ஈஎல்84-ஐ எடுத்துக்கொள்வோம். 1953-ல் பிலிப்ஸ் கொண்டுவந்த, ஒன்பது கால் உள்ள சின்ன வால்வு. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸும் இதைத் தயாரித்தது. ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். ஹீட்டருக்கு 6.3 வோல்ட், 0.76 ஆம்பியர். பிளேட் (எலெக்ட்ரான்கள் வந்து சேரும் தகடு) தாங்கும் சூடு 12 வாட். முதன்முதலில் கட்டுகிறவருக்கு இதைவிட ஒத்துழைக்கிற பவர் வால்வு வேறு இல்லை என்பது என் எண்ணம்.

இதை சிங்கிள் எண்டடாகக் கட்டலாம், புஷ்புல்லாகவும் கட்டலாம்.

சிங்கிள் எண்டட் என்றால் ஒரு சேனலுக்கு ஒரு ஈஎல்84. பிளேட்டில் 250 வோல்ட், 48 மில்லி ஆம்பியர், லோடு (டிரான்ஸ்ஃபார்மர் வால்வுக்குக் காட்டும் சுமை) 5,200 ஓம் என்று வைத்தால் 5.7 வாட் கிடைக்கும் என்கிறது டேட்டா ஷீட். அந்த 5.7 வாட் 10 சதவீதம் டிஸ்டார்ஷனோடு (ஒலிச் சிதைவு) சேர்ந்த கணக்கு என்பதையும் அதே தாளில் பார்க்கலாம். காதுக்குச் சுத்தமாகக் கிடைப்பது மூன்று, நான்கு வாட்தான். ஆனால் அந்த மூன்று வாட்டில் தனிக்குரல், வீணை, தம்புராவின் சுருதி எல்லாம் எவ்வளவு பக்கத்தில் வந்து உட்காருகின்றன என்பதைக் கேட்டால்தான் தெரியும். எழும் டிஸ்டார்ஷனில் கணிசமான பங்கு இரண்டாவது ஹார்மோனிக். அது மூல ஸ்வரத்தின் மேல் ஸ்தாயியிலேயே விழுவதால் காதை உறுத்துவதில்லை.

புஷ்புல்லில் ஒரு சேனலுக்கு இரண்டு ஈஎல்84. ஒன்று தள்ள, மற்றது இழுக்கும். 300 வோல்ட்டில், பிளேட்டுக்குப் பிளேட் 8,000 ஓம் லோடில் 17 வாட் வரை போகலாம். இரண்டு பாதியிலும் எழும் இரண்டாவது ஹார்மோனிக்கும், சப்ளையிலிருந்து வரும் ஹம் என்ற இரைச்சலும் எதிரெதிராக நின்று பெரும்பாலும் அடிபட்டுப் போகும். பதிலுக்கு ஒலி அலையை எதிரெதிரான இரண்டாகப் பிரிக்கும் ஃபேஸ் ஸ்ப்ளிட்டர் என்று ஒரு கட்டம் கூடுதலாக வேண்டும், வால்வுகள் ஜோடி பொருந்தி இருக்க வேண்டும். முல்லார்ட் நிறுவனம் 1954-ல் வெளியிட்ட 5-10 சர்க்யூட் இந்த வழிக்கு நல்ல உதாரணம்: ரெக்டிஃபயரையும் சேர்த்து ஐந்து வால்வு, பத்து வாட். எழுபது ஆண்டு கழித்தும் அதைப் பார்த்துக் கட்டுகிறார்கள் என்றால் அந்த வரைபடத்தில் விஷயம் இருக்கிறது.

நாகஸ்வரம், தவில், முழு ஆர்கெஸ்ட்ராவோடு சினிமாப் பாட்டு கேட்கிற வீடென்றால் நான் புஷ்புல் பக்கம். தவிலின் வலந்தலையில் ஒரு சொல் விழும் நொடியில் தேவைப்படும் வாட் சராசரியைவிடப் பல மடங்கு. அந்த இடத்தில் சிங்கிள் எண்டட் மூச்சு வாங்கிவிடும். குரலும் வீணையும்தான் முக்கியம், இரவில் மெதுவாக வைத்துக் கேட்பேன் என்றால் சிங்கிள் எண்டட். ஆனால் இந்த முடிவைத் தனியாக எடுக்க முடியாது, ஸ்பீக்கரும் கூட வரும்.

5.7 வாட்டுக்கும் 17 வாட்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஐந்து டெசிபலுக்கும் குறைவு. ஒரு வாட்டுக்கு 87 டெசிபல் தரும் சின்னப் பெட்டி ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 94 டெசிபல் தரும் பெரிய காகிதக் கோன் ஸ்பீக்கரை வைத்தால் ஏழு டெசிபல் கிடைக்கிறது. ஐந்து மடங்கு பவருக்குச் சமம். அதாவது நல்ல ஸ்பீக்கரோடு இருக்கும் சிங்கிள் எண்டட், சோம்பலான ஸ்பீக்கரோடு இருக்கும் புஷ்புல்லைவிடச் சத்தமாகவே பாடும். பழைய ரேடியோகிராமின் எட்டு அங்குல ஸ்பீக்கர் கோன் கிழியாமல் வீட்டில் கிடந்தால், தூக்கிப் போடாதீர்கள்.

ஈஎல்34, 300பி பற்றியும் கேட்பார்கள். ஈஎல்34 சிங்கிள் எண்டடில் 11 வாட் தரும், ஆனால் ஹீட்டருக்கே 1.5 ஆம்பியர் கேட்கும், டிரான்ஸ்ஃபார்மர்கள் எல்லாம் அதற்கேற்பப் பெரிதாகும். 300பி 1938-லிருந்து இருக்கும் அழகான டிரையோடு (மூன்று மின்முனை வால்வு). எட்டு வாட் சுமாருக்கு அதன் விலையைக் கொடுப்பது முதல் ஆம்ப்புக்கு வேண்டாம்.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்: மூன்று இடத்தில் கிடைக்கும்

பழைய ரேடியோவிலிருந்து கழற்றலாம், வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம், இங்கேயே சுற்றச் சொல்லலாம்.

கழற்றுவது மலிவு. ஆனால் அது அந்த ரேடியோப் பெட்டிக்குள் இருந்த சின்ன ஸ்பீக்கருக்கென்று செய்தது. பிரைமரியின் (வால்வுப் பக்கச் சுற்று) இண்டக்டன்ஸ் 5 ஹென்றி மட்டும் இருந்தால், ஈஎல்84 பெண்டோடாக (ஐந்து மின்முனை வால்வாக) ஓடும்போது 150 ஹெர்ட்ஸ் பக்கத்திலேயே சத்தம் சரிய ஆரம்பித்துவிடும். மிருதங்கத்தின் தொப்பி காகிதத்தைத் தட்டுவது போலக் கேட்பதற்கு வால்வு காரணமில்லை, இதுதான் காரணம். 40 ஹெர்ட்ஸ் வரை இறங்க வேண்டுமானால் 20 ஹென்றி சுமார் தேவை. அப்புறம் நம் பக்கத்துச் சாரல். ஆரியங்காவு கணவாய் வழியாக ஜூனில் நுழையும் ஈரம் ஆகஸ்ட் வரை வீட்டை விடாது. வார்னிஷ் சரியில்லாத பழைய காயிலில் மயிரிழைக் கம்பி பச்சை பூத்து அறுந்துவிடும். பிரைமரி அறுந்தால் பிளேட்டுக்கு வோல்டேஜ் போகாது, கரண்ட் முழுவதும் ஸ்கிரீன் கிரிட் என்ற உள் கம்பி வலை வழியாக ஓடி, வால்வுக்குள் அது மட்டும் சிவந்து ஒளிரும். அதைக் கண்டால் உடனே அணைத்துவிடுங்கள்.

கனடாவின் ஹேமண்ட் போன்ற தயாரிப்புகளில் சொன்ன அளவு அப்படியே இருக்கும், கவலையே இல்லை. எடை கூடிய சாமான் என்பதால் கூரியர் செலவும் சுங்க வரியும் விலையோடு சேர்ந்து கனக்கும். ஒரே ஒரு ஆம்ப்தான் கட்டப் போகிறீர்கள், சுற்றுபவர் யாரும் பழக்கமில்லை என்றால் இதையே வாங்கலாம்.

நான் பரிந்துரைப்பது மூன்றாவது வழி. எல்லா ஊரிலும் பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர் இருப்பார். அவர்களில் ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிப் பழகியவரைத் தேடுங்கள். "அண்ணாச்சி, 8 ஓமுக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர்" என்று மட்டும் சொன்னால் பவர் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுவது போலத்தான் சுற்றித் தருவார். பிரைமரி முழுவதும் உள்ளே, செகண்டரி (ஸ்பீக்கர் பக்கச் சுற்று) முழுவதும் வெளியே. அப்படிச் சுற்றினால் மேல் ஸ்தாயி மங்கிவிடும், ஜாலராவின் கிணுகிணுப்பு போய்விடும். பிரைமரியை மூன்று, நான்கு பகுதியாகப் பிரித்து இடையிடையே செகண்டரியை வைக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் காகிதம். 5,200 ஓமை 8 ஓமுக்கு இறக்க சுற்று விகிதம் 25.5. செகண்டரி 100 சுற்று என்றால் பிரைமரி 2,550. ஸ்டாம்பிங் சிஆர்ஜிஓ-வாக (டிரான்ஸ்ஃபார்மருக்கான சிலிக்கன் எஃகு) இருக்கட்டும்.

ஸ்டாம்பிங் அடுக்குவதில்தான் சிங்கிள் எண்டடும் புஷ்புல்லும் பிரிகின்றன. சிங்கிள் எண்டடில் அந்த 48 மில்லி ஆம்பியர் நேர்மின்சாரம் எப்போதும் ஒரே திசையில் ஓடி இரும்பைக் காந்தமாக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே ஈ தகடுகளை எல்லாம் ஒரே பக்கமாக அடுக்கி, ஐ தகடுகளை எதிரில் வைத்து, நடுவில் மெல்லிய காகிதம் செருக வேண்டும். அந்த இடைவெளியால் இண்டக்டன்ஸ் குறையும்; குறைந்ததை ஈடுகட்ட இரும்பும் சுற்றும் கூட வேண்டும். புஷ்புல்லில் இரு பாதிகளின் நேர்மின்சாரமும் எதிரெதிராக ஓடி அடிபட்டுப் போவதால் தகடுகளை மாற்றி மாற்றிக் கோத்து அடுக்கலாம், சின்ன இரும்பே போதும். இப்படிப் பார்த்தால் வால்வு குறைவான சிங்கிள் எண்டட் மலிவு என்ற பேச்சு பாதிதான் உண்மை. வால்வில் மிச்சம் பிடிப்பதை இரும்பு வாங்கிக்கொள்ளும்.

புஷ்புல்லுக்குச் சுற்றும்போதே 43 சதவீதத்தில் ஒரு டேப் (சுற்றின் இடையிலிருந்து வெளியே எடுக்கும் இணைப்பு) எடுத்துவிடச் சொல்லுங்கள். ஸ்கிரீன் கிரிட்டை அங்கே இணைப்பதுதான் 1951-ல் ஹாஃப்லரும் கெரோஸும் பிரபலமாக்கிய அல்ட்ரா லீனியர் முறை. டேப் இருந்தால் பிறகு விருப்பப்படி மாற்றிக் கேட்கலாம். இல்லாவிட்டால் காயிலைப் பிரிக்க வேண்டியிருக்கும். முடிந்ததும் வார்னிஷில் முக்கிச் சூட்டில் காய வைக்க வேண்டும். சாரலுக்கு முன்பே இதைச் செய்துகொள்வது நல்லது.

கையில் வந்ததும் விகிதத்தைச் சோதிக்கலாம்: செகண்டரியில் 6 வோல்ட் ஏசி கொடுத்தால் பிரைமரியில் 153 வோல்ட் சுமாராக வர வேண்டும். மல்டிமீட்டர் முனையைத் தவிர வேறெதுவும் அங்கே படக் கூடாது.

நல்ல இரும்பில் இன்னொரு லாபம் உண்டு, பலர் இதைக் கவனிப்பதில்லை. ஸ்பீக்கரிலிருந்து முன் கட்டத்துக்கு நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளியீட்டில் ஒரு பங்கை எதிராகத் திருப்பி அனுப்புவது) கொடுத்தால் டிஸ்டார்ஷன் குறையும், தாழ்ந்த ஒலிகளில் பிடிப்பு வரும். எவ்வளவு கொடுக்கலாம் என்பதை டிரான்ஸ்ஃபார்மர்தான் தீர்மானிக்கிறது. அரைகுறையாகச் சுற்றியதில் ஃபீட்பேக்கைக் கூட்டினால் ஆம்ப் தானே ஊளையிட ஆரம்பிக்கும்.

சப்ளை: சோக்கா, ரெசிஸ்டரா

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ரெக்டிஃபை செய்து டிசி ஆக்கிய பின் மிஞ்சுவது 100 ஹெர்ட்ஸ் ஹம். அதை வடிகட்ட இரண்டு கண்டன்சருக்கு நடுவில் 470 ஓம் ரெசிஸ்டர் வைப்பது ஒரு வழி. இரண்டாவது கண்டன்சர் 47 மைக்ரோ ஃபாரட் என்றால் ஹம் சுமார் 14 மடங்கு குறையும்; 100 மில்லி ஆம்பியர் ஓடினால் 47 வோல்ட்டை ரெசிஸ்டரே சூடாக்கித் தின்றுவிடும். அதே இடத்தில் 10 ஹென்றி சோக் (இரும்பில் சுற்றிய காயில்) வைத்தால் ஹம் 180 மடங்குக்கு மேல் குறைகிறது. கம்பியின் தடை 150 ஓம் என்றால் இழப்பது 15 வோல்ட்தான். மேம்படுத்த ஒரே ஒரு மாற்றத்துக்குத்தான் காசு இருக்கிறது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் ஏற்கெனவே நன்றாக இருக்கிறது என்றால், சோக் போடுங்கள். சிங்கிள் எண்டடில் இது கட்டாயம், அங்கே ஹம்மை அடித்துக்கொள்ள எதிர்ப்பாதி இல்லை.

ரெக்டிஃபயரில் ஈஇசட்81 வால்வா, 1என்4007 டயோடா என்பதில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. ஈஇசட்81 மெதுவாகச் சூடேறுவதால் வோல்டேஜ் நிதானமாக எழும், அது நல்லது. ஆனால் முதல் கண்டன்சர் 50 மைக்ரோ ஃபாரட்டைத் தாண்டக் கூடாது, தரும் கரண்டும் 150 மில்லி ஆம்பியர்தான். ஸ்டீரியோ சிங்கிள் எண்டடுக்குப் போதும். நான்கு ஈஎல்84 உள்ள ஸ்டீரியோ புஷ்புல் சும்மா இருக்கும்போதே 160 கேட்கும். அதற்குப் பெரிய ரெக்டிஃபயர் வால்வான ஜிஇசட்34 அல்லது டயோடு. டயோடு போட்டால், வால்வுகள் சூடாகும்வரை 250-0-250 டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து 350 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், கண்டன்சர்கள் 450 வோல்ட் தாங்க வேண்டும்.

பவர் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றும்போது 220-க்கு மட்டும் சுற்ற விடாதீர்கள். இரவில் லைன் 250-ஐத் தொட்டால் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 7.1-க்கு மேல் போய், வால்வின் ஆயுளைக் குறைக்கும். 220, 230, 240, 250 என்று டேப் எடுத்துவிட்டால் ஊருக்கேற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாம்.

கண்டன்சருக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்று கட்டாயம். அது இருந்தாலும் அணைத்தபின் இரண்டு நிமிடம் பொறுத்து, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். சேசிஸ் எர்த்தோடு இணைந்திருக்க வேண்டும். இந்த வோல்டேஜ் ஆளைக் கொல்லும். ஸ்பீக்கர் இணைக்காமல் பாட்டுப் போட்டால் டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் போய்விடும் என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

கண்டன்சரும் வால்வும்

டிசியைத் தடுத்து ஒலியை மட்டும் அடுத்த கட்டத்துக்குக் கடத்தும் கப்ளிங் கண்டன்சரில் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பது முக்கியம். பழைய மெழுகுக் காகிதக் கண்டன்சரோடு ஒப்பிட்டால் புது பாலிப்ரொப்பிலீன் வெகு தூரம் மேல். காகிதம் ஈரம் குடித்து டிசியைக் கசிய விடும். பவர் வால்வின் கிரிட்டில் (ஒலி நுழையும் முனை) பாசிட்டிவ் ஏறி, பிளேட் சிவக்கும். ஈஎல்84-ஐக் கழற்றிவிட்டு அதன் கிரிட் காலில் டிசி அளந்து பாருங்கள். ஒன்றிரண்டு வோல்ட் காட்டினாலும் கண்டன்சர்தான் குற்றவாளி. ஆனால் சாதாரண பாலிப்ரொப்பிலீனுக்கும் பத்து மடங்கு விலையுள்ள ஆடம்பர கண்டன்சருக்கும் உள்ள வித்தியாசத்துக்கு நான் காசு செலவழிக்க மாட்டேன்.

வால்வை மாற்றிக் கேட்பதும் அப்படித்தான். முன் கட்டத்து வால்வான ஈசிசி83-க்குப் பதில் ஈசிசி82 செருகினால் சத்தம் மாறுவது நிஜம். முன்னதன் பெருக்கம் 100, பின்னதற்கு 20-க்குள். சர்க்யூட்டே மாறிவிட்டது, வால்வின் குணத்தைக் கேட்டதாக ஆகாது. ஒரே ஈசிசி83-ஐ இரண்டு நிறுவனங்களிலிருந்து வாங்கி ஒப்பிட்டால் வித்தியாசம் இருக்கலாம், சிறியது. பவர் வால்வை மாற்றினால் மட்டும், அதன் மொத்தக் கரண்டும் ஓடும் கத்தோட் ரெசிஸ்டரில் வோல்டேஜை உடனே அளக்க வேண்டும். சிங்கிள் எண்டடில் 135 ஓமில் 7.2 வோல்ட் சுமார் இருந்தால் சரி. 10 வோல்ட் காட்டினால் வால்வு 74 மில்லி ஆம்பியர் இழுக்கிறது, 12 வாட் எல்லையைத் தாண்டிவிட்டது. அதை அப்படியே ஓட விடக் கூடாது.